அப்பா கொண்டுவந்த கருங்கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அடிமட்டத்தில் பாறையே சுடும் என்பார். இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் எரிமலைக் குழம்பு வந்திருக்குமா?
– வாசகர், குப்பம்

பதில்: வந்திருக்காது. ஆனால் தாத்தா சொன்ன சூடு நூற்றுக்கு நூறு உண்மை. என் அப்பாவும் அங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் இருந்தவர்தான். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர் சட்டையை அம்மா வாசலிலேயே வாங்கிப் பிழிந்துதான் கொடியில் போடுவார். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஆனால் அந்தக் கருங்கல் உருக வேண்டுமானால் ஏறக்குறைய 1,000 டிகிரி வேண்டும். அதோடு, கீழே போகப் போக மேலிருக்கும் பாறையின் பாரம் அழுத்தும். அழுத்தம் கூடினால், கல் உருக இன்னும் அதிகச் சூடு கேட்கும். அதனால் நம் காலுக்குக் கீழே பல பத்து கிலோமீட்டர் போனாலும் கெட்டிப் பாறைதான். மேல் ஓட்டுக்கு அடியில் எங்கு பார்த்தாலும் குழம்பு தளும்புகிறது என்று பிள்ளைகள் நினைப்பதை, பூகோள வாத்தியாராக இருந்த காலம் முழுக்க மாற்றப் பார்த்தேன்.

கல் உருகுவது சில இடங்களில்தான். பூமியின் மேல்பகுதி நிலத்தட்டுகள் என்ற பெரிய துண்டுகளாக இருக்கிறது; அவை விலகும் இடத்தில் அழுத்தம் தளர்ந்து உருகும். கடலடித் தட்டு இன்னொன்றுக்கு அடியில் நுழையும் இடத்தில், அது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். ஹவாய் மாதிரி, ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் இடங்களும் உண்டு. கோலார் இன்றைக்கு இந்த மூன்றிலும் சேராது.

இன்றைக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் தாத்தா துளை போட்ட அந்தக் கருங்கல்லே ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு. சுமார் 270 கோடி வருடங்களுக்கு முன் கொட்டி, பிறகு பூமிக்குள் வெந்து, நசுங்கி இறுகியது. தங்கவயல் பக்கம் பெத்தப்பள்ளியில் தலையணை தலையணையாகக் கிடக்கும் பாறையைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் கொட்டும் குழம்புதான் அப்படி உறையும். மேல் தோல் சட்டென்று இறுகும், உள்ளே இருப்பது பிதுங்கி அடுத்த உருண்டையாகும். அப்படியானால் அந்த இடத்தில் அன்றைக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது! அப்பா கொண்டுவந்த ஒரு துண்டு எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரமாக இருக்கிறது. வெயிலில் திருப்பினால் ஊசி ஊசியாக மின்னும். கையில் எடுத்தால், இந்தச் சின்னக் கல்லுக்கு இவ்வளவு கனமா என்று தோன்றும்.

கேள்வி: எரிமலையில் எத்தனை வகை? சிலது ஆறு மாதிரி ஓடுகிறது, சிலது வெடிக்கிறதே, ஏன்?
– பள்ளி மாணவி, வி.கோட்டா

பதில்: வீட்டில் களி கிண்டும்போது அடுப்பருகே போய் நில்லு, அம்மா. வெறும் தண்ணீர் கொதிக்கும்போது குமிழி சுலபமாக மேலே வந்து உடைந்துவிடும். அதில் ராகி மாவு விழுந்து கெட்டியானதும் பார். குமிழி வெளியேற வழியில்லாமல் உப்பி, பொத்தென்று வெடித்துக் கையில் தெறிக்கும். எரிமலையிலும் இதே கதைதான். குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் கந்தக வாயுவும் கரைந்திருக்கும். மேலே வர வர அவை குமிழியாகப் பிரியும். குழம்பில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள், எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு பிசுபிசுப்பு.

ஹவாயின் மௌனா லோவா குழம்பில் சிலிக்கா பாதியளவுதான். அது நீர்த்து, வெகுதூரம் ஓடிப் பரவுவதால் மலை 4,169 மீட்டர் உயரம் இருந்தும் சரிவு சாய்ந்து படுத்திருக்கும். இது கேடய எரிமலை. ஜப்பானின் ஃபியூஜி 3,776 மீட்டர். குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து செங்குத்தாக எழுந்த அடுக்கு எரிமலை அது. மிகவும் கெட்டியான குழம்பு ஓடவே முடியாமல் வாயிலேயே குவிந்தால் கும்மட்டம்.

சின்ன வகை ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1943 பிப்ரவரி 20 அன்று மெக்சிகோவில் ஒரு விவசாயியின் சோளக்கொல்லையில் நிலம் பிளந்து புகைந்தது. பரிகுட்டின் என்ற அந்த மலை, கங்குக் கற்கள் வாயைச் சுற்றி விழுந்து விழுந்தே ஒரு வருடத்தில் 300 மீட்டரைத் தாண்டியது. 1952-ல் அடங்கிவிட்டது.

பலரும் ஓடிவரும் குழம்புக்குத்தான் பயப்படுகிறார்கள். அதிலிருந்து பெரும்பாலும் நடந்தே தப்பலாம். தப்ப முடியாதது, நெருப்பாய்க் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சேர்ந்து சரிவில் உருண்டு வரும் மேகம். 1902 மே 8 அன்று மார்ட்டினிக் தீவின் பெலே மலையிலிருந்து அது இறங்கியது. சில நிமிடங்களில் செயின்ட் பியர் நகரத்தில் சுமார் 28,000 பேர் மாண்டார்கள்.

கேள்வி: ஆந்திராவில் எரிமலைச் சாம்பல் கிடைக்கிறதாமே?
– வாசகர், சித்தூர்

பதில்: கிடைக்கிறது. கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் வெட்டிய பள்ளங்களில் வெளிர் நிறமாகத் தெரியும். ஆனால் அது உள்ளூர்ச் சாம்பல் இல்லை. சுமார் 74,000 வருடங்களுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது, கடல் தாண்டிக் காற்றோடு வந்து இறங்கியது. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானின் பாரன் தீவு ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் கொல்லையில் மின்கம்பத்தடியில் மண் உருகிக் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. எரிமலை என்று சிலர் கற்பூரம் ஏற்றுகிறார்கள்.
– வாசகி, பலமநேர்

பதில்: எரிமலை இல்லை, அம்மா. உயர் அழுத்த மின்சாரம் கம்பியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ மண்ணில் இறங்கினால் மண் உருகிக் கறுத்த கண்ணாடியாகும். மின்னல் விழுந்த மணலிலும் இப்படி ஆவதுண்டு. ஆனால் இது எரிமலையை விட உங்களுக்குப் பக்கத்து ஆபத்து. கசிவு இன்னும் இருக்கலாம். கற்பூரம் ஏற்றுகிறவர்களையும் ஆடுமாட்டையும் உடனே தூர விலக்குங்கள். லைன்மேன் வந்து லைனை நிறுத்தும்வரை, மண் ஈரமோ காய்ந்ததோ, அந்தக் கம்பத்துப் பக்கம் யாரும் போக வேண்டாம். அப்புறம் ஆறியதும், அவர் சரி என்று சொன்னால், ஒரு துண்டு எடுத்து வையுங்கள். அப்பாவின் கல்லோடு வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.