வாசலா, வீட்டுக்குள்ளா? வன்கொடுமை வழக்குகளை நடத்த விரும்பும் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவள் நான். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. இப்போது சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். சாதிக் கொடுமைக்கு ஆளாகிறவர்களுக்காக வழக்கு நடத்த வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். "வன்கொடுமை வழக்கை அரசு வழக்கறிஞர்தானே நடத்துவார், உனக்கு அதில் என்ன வேலை?" என்று உடன் படிப்பவர்கள் கேட்கிறார்கள். உண்மையிலேயே எனக்கு அதில் வேலை இருக்கிறதா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா? எப்படிப்பட்ட சீனியரிடம் சேர வேண்டும்?

பதில்: உடன் படிப்பவர்கள் சொல்வதில் பாதி சரி. சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கை நடத்துபவர் சிறப்பு அரசு வழக்கறிஞர்தான். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக மாவட்ட நீதிமன்றத்தில் இந்த வழக்குகளோடு கிடப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வழக்கு சாட்சிக் கூண்டுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அதன் தலையெழுத்து எழுதி முடிந்துவிடுகிறது. எழுதப்படும் இடம் காவல் நிலையத்தில் புகாரை எழுதும் காவலர், அதாவது ரைட்டர், உட்காரும் மேசை. அந்த மேசைக்குப் போவதற்கு முன்னால் பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தாரா இல்லையா என்பதுதான் பல வழக்குகளில் தீர்ப்பு.

நான் ஜூனியராக இருந்தபோது பார்த்த வழக்கு ஒன்று. தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதில் தகராறு. சாயங்காலம் அந்த ஆள் காலனிக்கே வந்து, அந்தப் பெண்ணைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிட்டுப் போனார். அந்த அம்மா நிலையத்தில் சொன்னது: "நான் வாசல்ல பாத்திரம் வெளக்கிட்டு இருந்தேன். தெருவுல ஆறேழு பேரு நின்னு பாத்தாங்க." ரைட்டர் எழுதியது: "நான் வீட்டில் இருந்தபோது எதிரி வந்து என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டினார்." கைநாட்டு வாங்கினார்கள். படித்துக் காட்டினார்களா என்று கேட்டேன். இல்லை.

அந்த ஒரு வரியில் வழக்கு போய்விட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், அவர்களை இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்கும் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டு பிரிவுகளுக்கும், சம்பவம் பொதுமக்களின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். பொது இடம் என்பது வேறு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம் என்பது வேறு என்று ஸ்வரண் சிங் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற வாசல் சொந்த இடமாகவே இருந்தாலும் பார்வைக்கு உட்பட்டதுதான். ஆனால் வெளியாள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்த பேச்சு இந்தப் பிரிவில் வராது. ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020-ல் அப்படித்தான் தீர்ப்பு வந்தது. வாசல் என்று எழுதியிருந்தால் வழக்கு நிற்கும், வீடு என்று எழுதினால் விழும். நீதிமன்றத்தில் அந்த அம்மா வாசல் என்று சரியாகவே சொன்னார். "இதை இன்றைக்குத்தான் முதன்முறையாகச் சொல்கிறீர்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொண்டார். விடுதலை. வெளியே வந்ததும் அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் வாசல்னுதான சார் சொன்னேன்."

ஆகவே உங்கள் முதல் வேலை, புகாரை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதுவது. நின்ற இடம், யார் யார் பார்த்தார்கள், எந்தச் சொல் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தச் சொல்லை எழுதக் கை கூசும். எனக்கு இன்னும் கூசுகிறது. இருந்தாலும் "தகாத வார்த்தை" என்று பூசி மெழுகாதீர்கள், சொன்ன சொல் அப்படியே இருக்கட்டும். எதிரிக்கு இவர்கள் சாதி எப்படித் தெரியும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஒரே ஊர், அவர் வயலில் பல வருஷமாக வேலை செய்திருக்கிறோம் என்பது போல. எதிரிக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 8(சி). அந்த அனுமானத்துக்கு இந்த ஒரு வரிதான் அடிப்படை.

"விசாரிச்சுட்டு எஃப்ஐஆர் போடறோம், போயிட்டு வாங்க" என்று சொல்வார்கள். 2018 திருத்தத்தில் வந்த 18ஏ பிரிவைக் காட்டுங்கள். எஃப்ஐஆர் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று அதிலேயே இருக்கிறது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை உறுதிசெய்துவிட்டது. அப்படியும் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதன்பிறகு நீதிமன்றம். கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அதிகாரி மீது பிரிவு 4 இருக்கிறது. புலன்விசாரணையை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் நடத்த வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது இந்தச் சட்டத்துக்கான 1995 விதிகளில் விதி 7. இந்த 60 நாளும் நீங்கள் விழித்திருக்க வேண்டிய நாட்கள்.

ஜாமீன் கட்டத்தில் உங்களுக்கு நேரடியான இடமே உண்டு. 2016 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவின்படி, ஜாமீன் உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்டுத்தான் ஜாமீனில் முடிவெடுக்க வேண்டும். இது கட்டாயம் என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோட்டீஸ் இல்லாமல் கொடுத்த ஜாமீனை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். விசாரணையிலும் நீதிமன்ற அனுமதியோடு அரசு வழக்கறிஞருக்கு உதவலாம், எழுத்துபூர்வ வாதம் தாக்கல் செய்யலாம். அரசு வழக்கறிஞர் மீது நம்பிக்கை இல்லையென்றால், பாதிக்கப்பட்டவர் விரும்பும் மூத்த வழக்கறிஞரை நியமிக்க விதி 4(5)-ன் கீழ் மாவட்ட ஆட்சியருக்கு மனு போடலாம்.

கோகுல்ராஜ் கொலை வழக்கை முழுமையாகப் படியுங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி அவர். முக்கியமான சாட்சியே பிறழ்ந்துவிட்டார். அந்தத் தாய் விடாமல் போராடியதால் ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார், வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. கோயிலின் சிசிடிவி பதிவுதான் வழக்கைத் தாங்கியது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்கு நேரில் போய் கேமரா இருந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2023 ஜூனில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனை உறுதியானது, இருவருக்கு மட்டும் தண்டனை குறைந்தது. பிறழ் சாட்சியோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, மின்னணுச் சாட்சியத்தை முறையாகச் சான்றளித்து முதலிலேயே பத்திரப்படுத்தினால் அது பேசும்.

ஆனாலும் சாட்சி ஏன் பிறழ்கிறார் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குப் புரியும், கூலி வீட்டுப் பிள்ளை நீங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் யார் வயலுக்குப் போகிறார்களோ அவருக்கு எதிராகத்தான் கூண்டேற வேண்டியிருக்கிறது. போன தீபாவளிக்கு முன்பணம் வாங்கியது அவரிடம். ஆடு மேய்க்கப் போகும் வழி அவர் நிலத்தின் ஓரம். அதற்குமேல், காலனி ஆட்கள் மீது ஒரு எதிர்வழக்கும் போட்டிருப்பார்கள். "நீ இதை விடு, நாங்க அதை விடறோம்" என்று ஊர்ப் பேச்சு நடக்கும். இதில் இறங்கிவருகிறவரைக் கோழை என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். வேலையும் கடனும் ஒரே கையில் இருக்கிறவரை, சாட்சி சொல்வது அடுத்த வேளைச் சோற்றோடு விளையாடுவதுதான். சாதி நீதி, பொருளாதார நீதி என்று மேடையில் இரண்டாகப் பிரித்துப் பேசலாம், வழக்குக் கட்டுக்குள் அப்படிப் பிரிக்க முடியாது.

அதனால்தான் 1995 விதிகளைச் சட்டத்தைவிட நன்றாகப் படியுங்கள் என்பேன். இந்த விதிகளைத் தெரிந்துவைத்திருக்கும் வக்கீல்கள் குறைவு, வழக்கைக் காப்பாற்றுவதோ அவைதான். விதி 12(4)-ன்படி நிவாரணம் ஏழு நாளில் போய்ச் சேர வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய வழக்குக்கு மத்திய விதிகளில் 1 லட்சம் ரூபாய். எஃப்ஐஆர் கட்டத்தில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை வந்தால் மீதி 25. கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை முடிந்ததுமே பாதித் தொகை. சாதிச் சான்றும் வங்கிப் புத்தக நகலும் இணைத்து, ஆட்சியருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் எஃப்ஐஆர் பதிந்த அன்றே மனு கொடுங்கள். அந்த முதல் 25,000 கைக்கு வந்து முன்பணக் கடன் அடைந்தால், ஊர்ப் பேச்சில் உட்காரும் விதமே மாறும். நான் கண்ணால் கண்டது இது.

விதி 11-ஐயும் விடாதீர்கள். வாய்தாவுக்கு வரும் சாட்சிக்குப் பேருந்துக் கட்டணம், விவசாயக் கூலிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத தினப்படி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அரசு தர வேண்டும். பெண் சாட்சி துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம், அவருக்கும் உண்டு. மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் கொடுப்பதும் இல்லை. நீதிமன்ற மரத்தடியில் காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்து, மூன்று மணிக்கு "அடுத்த வாய்தா" என்று கேட்டுவிட்டு, அன்றைய கூலியும் போய், டீயோடு ஊர் திரும்புகிற சாட்சி எத்தனை முறை வருவார்? நான்காவது முறை வர மாட்டார். பிடியாணை அவருக்கே வரும்.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தில் மலைவாழ் மக்களின் ஊரில், சோதனை என்று வந்த அரசு ஊழியர்கள் 1992 ஜூனில் நடத்திய வன்முறை, பாலியல் கொடுமை அது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. உயர் நீதிமன்றம் 2023-ல் அதை உறுதிசெய்தது. பத்தொன்பது வருஷம் அந்த மலைவாழ் பெண்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள் என்றால், அவர்களோடு ஒரு சங்கம் நின்றது. தனி வக்கீலால் ஆகிற காரியம் இல்லை இது. உங்கள் மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களோடும் பழங்குடிகளோடும் வேலை செய்கிற அமைப்புகளை இப்போதே தேடிப் பழகுங்கள்.

வன்கொடுமை வழக்கு மட்டும் போதாது. பஞ்சமி நிலம் வரும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட, வேறு யாருக்கும் விற்கக் கூடாத நிலம். வட்டாட்சியர் அலுவலகத்தில் நில விவரம் எழுதியிருக்கும் பழைய அ-பதிவேட்டைப் பார்க்கப் பழகுங்கள். அப்படிப்பட்ட நிலத்தைப் பறிப்பது 3(1)(எஃப்), 3(1)(ஜி)-யில் வன்கொடுமைக் குற்றமே. செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்படும் இருளர் குடும்பத்துக்குக் கோட்டாட்சியரின் விடுதலைச் சான்று வாங்கித் தர வேண்டியிருக்கும். மலக்குழியில் இறந்தவரின் மனைவிக்கு 30 லட்சம் இழப்பீடு என்ற 2023 அக்டோபர் தீர்ப்பை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் ஏற வேண்டியிருக்கும்.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வழக்குகளில் மட்டும் குடும்பம் ஓடாது. விபத்து இழப்பீடு, சிவில், குடும்ப வழக்கு என்று பாதி நேரம் அதற்குக் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் சேருங்கள், தொகை சிறிது, ஆனால் பட்டியல் இனத்தவரும் பெண்களும் வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவிக்கு அங்கேதான் வருகிறார்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்றாலும் வாய்விட்டுக் கேளுங்கள். பார் கவுன்சில் பதிவுக் கட்டணம் பட்டியல் இனத்தவருக்கு 125 ரூபாய்க்கு மேல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்பளித்துவிட்டது, அதற்காகக் கடன் வாங்காதீர்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நிவாரணத் தொகையில் பங்கு பேசாதீர்கள். வெற்றிக்கு இவ்வளவு என்று ஃபீஸ் பேசுவதைத் தொழில் விதிகளே தடுக்கின்றன. அதைவிட முக்கியம், காலனியில் அந்தப் பேச்சு ஒரே நாளில் பரவும்.

சீனியரைத் தேடும்போது உயர் நீதிமன்றப் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்துக்குப் போய் வெளியே உட்காருங்கள். கட்சிக்காரர்கள் செருப்பை எங்கே விடுகிறார்கள், நாற்காலியில் உட்காருகிறார்களா, நின்றுகொண்டே பேசுகிறார்களா என்று கவனியுங்கள். எழுதிய புகாரை, கையெழுத்து வாங்குவதற்கு முன் அவர் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறாரா என்றும் பாருங்கள். படித்துக் காட்டுகிறவர் என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.