காப்புரிமை கேள்வி–பதில்: ஒரு குழவிக்கு மூன்று பெயர்

கேள்வி: டேபிள்டாப் வெட் கிரைண்டரில் மாவின் கெட்டித்தன்மைக்கு ஏற்பக் குழவியின் அழுத்தம் தானாகவே கூடிக் குறையும்படி ஓர் அமைப்பைச் செய்து, ஏழு மாதங்களுக்கு முன் கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் முழு விவரக்குறிப்புடன் என் பெயரிலேயே விண்ணப்பித்திருக்கிறேன். அடுத்துச் சீனாவிலும் ஜப்பானிலும் விண்ணப்பிக்க எண்ணம். மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் பணம் கேட்கிறார்கள். விளக்கப் பகுதியைப் பாதியாக வெட்டிவிட்டு, கிளெய்ம்களை, அதாவது உரிமை கோரும் வாசகங்களை மட்டும் முழுதாக மொழிபெயர்த்தால் போதாதா? கிளெய்ம் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். — வாசகர், அம்பத்தூர்

பதில்: போதாது. ஆனால் செலவைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன.

முதலில் நாள் கணக்கு. முதல் விண்ணப்பத்தின் தேதியையே பிற நாடுகளிலும் முன்னுரிமைத் தேதியாகக் கோர, பாரிஸ் உடன்படிக்கை தரும் 12 மாத முன்னுரிமைக் காலத்தில் உங்களுக்கு இன்னும் ஐந்து மாதங்கள் மீதமிருக்கின்றன. இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரங்கள் கடந்துவிட்டதாலும், இரகசியக் கட்டளை ஏதும் வராததாலும், காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி வெளிநாட்டு விண்ணப்பத்துக்குத் தனி அனுமதி தேவையில்லை. இந்த ஐந்து மாதங்களுக்குள் பி.சி.டி. எனப்படும், பல நாடுகளுக்கும் பொதுவான சர்வதேச விண்ணப்பத்தை ஆங்கிலத்திலேயே தாக்கல் செய்துவிட்டால், மொழிபெயர்ப்புச் செலவை முன்னுரிமைத் தேதியிலிருந்து 30 மாதங்கள் வரை தள்ளிப்போடலாம். சீனாவில் கூடுதல் கட்டணத்துடன் மேலும் இரண்டு மாதங்கள் கிடைக்கும். இந்தியத் தனிநபர் என்ற முறையில் சர்வதேசத் தாக்கல் கட்டணத்தில் 90 விழுக்காடு சலுகையும் உங்களுக்கு உண்டு.

இனி வெட்டுவது பற்றி. பி.சி.டி. வழியில் சென்றால் விளக்கத்தை முழுமையாக மொழிபெயர்த்தே ஆக வேண்டும். நேரடியாகச் சீனாவில் விண்ணப்பித்தால் சுருக்கலாம் என்றாலும், அங்கே நீங்கள் கொடுக்கும் சீன மொழி ஆவணம்தான் மூல ஆவணம். பிற்பாடு காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் மறுப்புத் தெரிவித்து, நீங்கள் கிளெய்மைத் திருத்த நேரும்போது, அந்தத் திருத்தத்துக்கான ஆதாரம் அந்த ஆவணத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். சென்னையில் கொடுத்த தாளில் இருந்தது என்று காட்டிப் பயனில்லை. இன்று காசுக்காக வெட்டும் பத்தி, மூன்று ஆண்டுகள் கழித்து உங்களுக்கு வேண்டியிருக்கும் ஒரே பத்தியாக இருக்கக்கூடும்.

மொழிபெயர்ப்புப் பிழையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பி.சி.டி. வழியாகச் சீனக் காப்புரிமை பெற்ற பின், தவறான மொழிபெயர்ப்பால் உரிமையின் எல்லை மூலத்தைவிட விரிந்திருந்தால் அது மூலத்தின் அளவுக்குக் குறைக்கப்படும். மூலத்தைவிடச் சுருங்கியிருந்தால் சுருங்கிய எல்லையே நிற்கும். இரண்டிலும் நட்டம் விண்ணப்பதாரருக்குத்தான். காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் குறிப்பிட்ட கட்டங்களில் பிழையைத் திருத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதற்குப் பிழை கண்ணில் பட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இந்த ஆவணம் ஏற்கெனவே ஒரு முறை மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது என்பதே. பட்டறையில் நீங்கள் ‘குழவி’ என்று சொன்னது முதல் கிளெய்மில் ‘ரோலர்’, மூன்றாவதில் ‘ஸ்டோன்’, ஐந்தாவதில் ‘கிரைண்டிங் எலிமென்ட்’ என்று வந்திருக்கிறது. பெய்ஜிங்கில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆட்டுக்கல்லைக் கண்ணால் கண்டவராக இருக்க வாய்ப்பில்லை. அவர் நேர்மையாக மூன்று சீனச் சொற்களைப் போடுவார். படிக்கும் ஆய்வாளர் மூன்று உறுப்புகள் இருப்பதாக எண்ணுவார். கூறியது கூறலை நம் இலக்கணத்தார் குற்றங்களில் ஒன்றாக வைத்தார்கள். காப்புரிமை ஆவணத்திலோ ஒரு பொருளுக்கு ஒரே பெயர், அதையே சலிக்காமல் திரும்பச் சொல்வதுதான் முறை.

அதே பக்கத்தில் ‘எ ரோலர்’ என்று இருக்கிறது. அமெரிக்க வழக்கில் இதற்கு ‘ஒன்று அல்லது அதற்கு மேல்’ என்று பொதுவாகப் பொருள் கொள்வார்கள். சீனத்தில் எண்ணுப்பெயரோடு ‘ஒரு குழவி’ என்று எழுதிவிட்டால், இரட்டைக் குழவி வைத்த போட்டியாளர் தமது இயந்திரம் இதில் அடங்காது என்று வாதிட இடம் கிடைக்கும். விளக்கத்திலேயே ‘குழவி ஒன்றாகவோ பலவாகவோ இருக்கலாம்’ என்று ஒரு வாக்கியம் சேருங்கள். ‘கம்ப்ரைசிங்’ என்ற சொல்லும் அப்படித்தான்: ‘இவற்றை உள்ளடக்கியது, பிறவும் இருக்கலாம்’ என்பது அதன் பொருள். அது ‘இவை மட்டுமே கொண்டது’ என்று மாறிவிட்டால், கூடுதலாக ஒரு நட்டு சேர்த்தவர்கூடத் தப்பிவிடுவார்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பாளரால் சரிசெய்ய முடியாதது. அழுத்தம் தரும் பாகத்தை ‘ஸ்பிரிங்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் புஷ் போட்டு அதே வேலையைச் செய்பவரை என்ன செய்வீர்கள்? ‘மீள்தன்மையுள்ள உறுப்பு’ என்று பொதுவாகக் கோரி, ஸ்பிரிங்கையும் ரப்பர் புஷ்ஷையும் விளக்கத்தில் எடுத்துக்காட்டுகளாகத் தாருங்கள். பி.சி.டி. விண்ணப்பத்தில் புதிய செய்தியைச் சேர்க்கத் தடையில்லை. பழையதற்கு முன்னுரிமைத் தேதியும், சேர்த்ததற்குப் பி.சி.டி. தேதியும் பொருந்தும். ஆகவே பி.சி.டி. தாக்கல் முடியும்வரை இயந்திரத்தைக் கடைக்கோ கண்காட்சிக்கோ கொண்டுபோகாதீர்கள்.

பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் நாட்டைக் குறையுங்கள். ஜப்பானில் எத்தனை வீடுகளில் இட்லிக்கு அரைக்கிறார்கள்? கிரைண்டர் விலைபோகக்கூடிய சிங்கப்பூரும் மலேசியாவும் ஆங்கில விண்ணப்பத்தையே ஏற்கின்றன. உங்கள் இயந்திரத்தைப் போலச் செய்யக்கூடிய தொழிற்சாலைகள் இருக்கும் சீனாவுக்கு அந்த மொழிபெயர்ப்புப் பணத்தைச் செலவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்டார்ட்-அப்பின் பி.சி.டி. விண்ணப்பத்தில் 26 கிளெய்ம்கள். எல்லா நாடுகளிலும் அப்படியே கொடுக்கலாமா? — வாசகி, தரமணி

பதில்: கொடுக்கலாம், கட்டணத்தைப் பற்றிக் கவலையில்லை என்றால். அமெரிக்காவில் அடிப்படைக் கட்டணத்துக்குள் அடங்குபவை மொத்தம் 20, அவற்றில் வேறு கிளெய்மைச் சாராமல் தனித்து நிற்பவை 3. ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தில் 15க்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்; அதுவும் சிறிய தொகையன்று. பல கிளெய்ம்களைச் சார்ந்த ஒரு கிளெய்ம், அதே போன்ற இன்னொன்றைச் சார்வதை ஐரோப்பா ஏற்கும். 2022 ஏப்ரல் முதல் ஜப்பான் ஏற்பதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது கிளெய்ம்களை அந்நாட்டு வழக்கத்துக்கு ஏற்ப மாற்றியமைப்பதே நடைமுறை. அப்போது நீக்கும் கிளெய்ம்களில் உள்ள அம்சச் சேர்க்கைகள் விளக்கப் பகுதியில் சொற்களாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டு அம்சங்களைத் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, பின்னர் அவற்றை இணைத்துக் கோரினால், மூலத்தில் இல்லாத சேர்க்கை என்று ஐரோப்பிய ஆய்வாளர் மறுப்பது வழக்கம். மொழிபெயர்ப்பாளரிடம் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் சேர்த்துக் கொடுத்துக் குழப்பாமல், எது மூலத்தின் மொழிபெயர்ப்பு, எது திருத்தம் என்று தனித்தனியே குறித்துக் கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தக் கூடாதா? — வாசகர், குரோம்பேட்டை

பதில்: தாக்கல் செய்வதற்கு வேண்டாம், சரிபார்ப்பதற்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்பாளர் அனுப்பும் சீனக் கிளெய்ம்களை இயந்திரத்தில் இட்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டால், பெயர் மாறிய உறுப்பும் விடுபட்ட ‘அல்லது’வும் அகப்படும். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேடன்ட்ஸ்கோப் தளத்தில் காப்புரிமை நடைக்கென்றே பழக்கிய மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறது. அதே அமைப்பின் பேர்ல் என்ற சொற்களஞ்சியத்தில் ஒரு கலைச்சொல்லுக்குப் பிற மொழிகளில் உள்ள இணைச்சொல்லைத் தேடலாம். விண்ணப்பம் இன்னும் வெளியிடப்படவில்லை என்றால், முழு ஆவணத்தையும் ஏதோ ஓர் இலவசத் தளத்தில் கொட்டுவதற்கு முன் அதன் இரகசிய நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.