ஆனைச்சாத்தனைத் துரத்திவிட்டு ஒரு திருப்பாவை

கேள்வி: எங்கள் ஊர் மார்கழி பஜனையில் இருபது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். இந்த ஆண்டு இளைஞர்கள் கண்மாய்க்கரை ஆலமரத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டி, காலை நாலு மணிக்கே பாட்டுப் போடுகிறார்கள். மரத்தில் அடையும் நாரைகளும் கொக்குகளும் இருட்டிலேயே கலைந்து பறக்கின்றன. பஜனைக்கு வருபவர்களும் நாலு பேராகக் குறைந்துவிட்டார்கள். ஒலியைக் குறைக்கச் சொன்னால், “சாமி பாட்டையா நிறுத்தச் சொல்கிறீர்கள், டீச்சர்?” என்று கேட்கிறார்கள். நான் செய்வது தவறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

பதில்: தவறே இல்லை, டீச்சர். பாட்டை முதலில் நிறுத்தியவர்கள் அவர்கள்தான். பெட்டி பாடுகிறது, ஊர் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

திருப்பாவையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் பாசுரத்தில் தோழியை எழுப்ப வந்தவள் சொல்லும் முதல் அடையாளம், பறவைகள் கூவிவிட்டன என்பது. ஏழாவதில் ஆனைச்சாத்தன்கள் கீசுகீசென்று பேசிக்கொள்கின்றன. நம் ஊர் மின்கம்பியில் பிளந்த வாலோடு உட்கார்ந்திருக்குமே கரிச்சான், அதுதான் என்பார்கள். மற்ற பறவைகள் விழிக்கும் முன்பே, இருட்டிலேயே குரல் கொடுக்கும். வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டவளுக்குத்தான் அப்படிப் பாட வரும். நம் பிள்ளைகளோ புள்ளை விரட்டிவிட்டு, புள் கூவிவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள்!

அதே ஆறாம் பாசுரத்தில் சங்கின் பேரரவமும் வருகிறதே என்று யாராவது மடக்கலாம். மடக்கட்டும். சங்கை ஓர் ஆள் ஊத வேண்டும். அவருக்கு மூச்சு வாங்கினால் சங்கும் ஓய்ந்துவிடும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. ஆனால் அதைக் கடைசிவரை எடுக்காதீர்கள். காவல் நிலையம் வரை போன பஜனைக்கு மறுநாள் நாலு பேர்கூட வரமாட்டார்கள்.

வாதமும் வேண்டாம். இளைஞர்களில் இரண்டு பேரை, பெட்டியைப் போடும் முன், கண்மாய்க்கரைக்கு அழைத்துப்போய்ச் சும்மா நில்லுங்கள். நாலாம் பாசுரத்தில் ஆண்டாள் கேட்ட மழைதான் கண்மாயில் கிடக்கிறது, அதை நம்பித்தான் இந்தப் பறவைகள் வந்திருக்கின்றன என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே, வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு கூம்பை இறக்குவதா பெரிது?

இறக்கியவர்கள் கையைச் சும்மா விடாதீர்கள். ஒருவனிடம் ஜால்ராவைக் கொடுங்கள், இன்னொருவன் ஆர்மோனியத்தைச் சுமக்கட்டும். தெருத்தெருவாக நடந்து பாடுங்கள்; கண்மாய்ப் பக்கம் வரும்போது குரலைத் தணித்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஆறு மணிக்கு மேல், கோயில் வாசலில், ஊரைப் பார்த்து ஒரு சின்னப் பெட்டி போதும்.

பிரசாதப் பொங்கல் மட்டும் சூடாக இருக்கட்டும். பையன்கள் முதல் நாள் அதற்காகத்தான் வருவார்கள்.