ஃப்ரிகேட் இருக்கட்டும், பிரிவு எது?

அன்புள்ள அண்ணனுக்கு,

தெக்கோங் தீவில் தேசிய சேவைக்கான அடிப்படைப் பயிற்சி முடிந்து சிங்கப்பூர்க் கடற்படைக்கு போஸ்டிங் வந்திருக்கிறது. நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்தவன். கேம்ப்புக்கு வந்து பேசியவர்கள், சைன் ஆன் செய்தால், அதாவது ஒப்பந்தம் போட்டு முழுநேர வேலையாகச் சேர்ந்தால், எந்தெந்தப் பிரிவுகளுக்குப் போகலாம் என்று விளக்கினார்கள். எனக்கு ஃப்ரிகேட் என்கிற போர்க்கப்பலில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பிரிவானாலும் பரவாயில்லை. கூட இருப்பவர்கள் டைவராகப் போ, அதுதான் கெத்து என்கிறார்கள். எஞ்சின் ரூம் எடுத்தால் வெளியே வந்த பிறகும் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார் மாமா. அம்மா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நீங்கள் கடற்படையில் இருந்தவர் என்று உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் படித்தேன். எதை எடுக்கலாம்? எனக்குச் சிவப்பும் பச்சையும் சில நேரம் லேசாகக் குழம்பும். அது ஒரு பிரச்சினையா?

ம., யீஷூன்

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிறக் குழப்பத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். கடலில் அது அப்படிச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை. இரவில் எந்தக் கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. உலகம் முழுக்க ஒரே விதி. கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் நிற்பவர் கண்ணுக்கு இருட்டில் கப்பல் தெரியாது, விளக்குகள்தான் தெரியும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தக் கப்பலின் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் அது நம்மை நோக்கி நேராக வந்துகொண்டிருக்கிறது. இதைச் சிங்கப்பூர் நீரிணையில் வைத்துப் பாருங்கள். பிலிப் கால்வாய்ப் பக்கம் மிகக் குறுகிய இடத்தில் அகலம் 3 கிலோமீட்டர்கூட இல்லை. எண்ணெய்க் கப்பல், கன்டெய்னர் கப்பல், பார்ஜை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போகும் டக் படகு, இடையில் பாத்தாம் ஃபெரி. பின்னணியில் கரை முழுக்க விளக்கு. அங்கே "சில நேரம் குழம்பும்" என்பவரை யாரும் காவலுக்கு நிறுத்த மாட்டார்கள்.

மருத்துவப் பரிசோதனையில் உங்கள் நிறப்பார்வையைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறைக்கப் பார்க்காதீர்கள். சில கதவுகள் மூடலாம், சில திறந்தே இருக்கும். மின்கம்பிகளுக்கும் நிறக்குறி உண்டு என்பதால் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போவதானாலும் கேட்டாக வேண்டும். டிப்ளோமா ஆய்வகத்தில் ரெசிஸ்டர் பட்டைகளைப் படித்துத் தேறி வந்தவர் என்பதால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் நான் நினைத்து என்ன ஆகப்போகிறது, டாக்டர் சொல்லட்டும்.

சரி, ஃப்ரிகேட். ஃபார்மிடபிள் வகை ஃப்ரிகேட்டுகள் ஆறு இருக்கின்றன. 2007-லிருந்து 2009-க்குள் சேவைக்கு வந்தவை. யாருக்கும் ஆசை வரும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பிரிவானாலும் பரவாயில்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கப்பல் மாறிக்கொண்டே இருக்கும். சில வருடத்தில் வேறு கப்பலுக்குப் போடுவார்கள், அப்புறம் கரைக்கு, பயிற்சிப் பள்ளிக்கு, மறுபடி கடலுக்கு. பிரிவு அப்படி எளிதில் மாறாது. தொண்ணூறுகளில் நான் இருந்தது விக்டரி வகை ஏவுகணைக் கப்பலில். இப்போது அந்த வகைக்கே ஓய்வு கொடுத்து, பல்பணிப் போர்க்கப்பல்கள் ஆறைக் கொண்டுவருகிறார்கள். என் காலத்தில் அந்தக் கப்பலுக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் பிறகு கடற்படையில் செய்ததெல்லாம், பெரிதாக யோசிக்காமல் எடுத்த பிரிவின் வேலையைத்தான்.

ஆகவே கப்பலை விட்டுவிட்டு, அதற்குள் எந்த அறையில் உட்காரப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். அதுவும் விடிகாலை மூன்று மணிக்கு. விளம்பர வீடியோவில் அந்த நேரத்தைக் காட்டுவதில்லை.

எனக்குத் தெரிந்தது எஞ்சின் பக்கம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விக்டரி வகைக்கு நான்கு டீசல் எஞ்சின்கள். காதில் மஃப் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. கட்டுப்பாட்டு அறையில் அளவுகளெல்லாம் பலகையில் தெரியும், ஆனாலும் மணிக்கொரு முறை உள்ளே ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். எண்ணெய் அழுத்தம், குளிர்நீர் வெப்பம், அடித்தட்டில் தேங்கிய நீர். எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்வோம். எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் ஒருவர் ஒவ்வொரு பம்ப்பின் மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை தடித்துவிட்டது, சூடு சரியாகத் தெரியாது என்பார். ஒருமுறை பலகையில் எல்லா அளவும் சரியாக இருந்தபோதே ஒரு பம்ப்பை நிறுத்தச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் பேரிங் போய்க்கொண்டிருந்தது. அந்த மாதிரி விஷயத்தில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் வருமா? வரும் என்றால் எஞ்சின் ரூம் உங்களுக்கு ஒத்துவரும். இன்னொன்று, கப்பலின் கீழ்ப்பகுதியில் ஆட்டம் மேலே இருப்பதைவிடக் குறைவு. ஆனால் அங்கே தொடுவானம் கண்ணில் படாது, டீசல் வாடை வேறு. வாந்தி எடுக்கிறவர்கள் இரண்டு இடத்திலும் எடுப்பார்கள், பெரும்பாலோருக்குச் சில நாளில் பழகிவிடும்.

போர்த் தகவல் அறை இதற்கு நேர் எதிர். குளிர்ச்சி, அரையிருட்டு, தலையில் ஹெட்ஃபோன், முன்னால் திரை. ரேடாரிலும், நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனாரிலும் வருவதைப் பிரித்து, இது இன்னது என்று பெயர் வைப்பது வேலை. மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத நேரத்தில், வழக்கத்துக்கு மாறாகப் போகிற ஒரே ஒரு புள்ளி கண்ணில் பட வேண்டும். உங்கள் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு இங்கேதான் நேராகப் பயன்படும். அந்தக் கருவிகளை இயக்குவது ஒரு வழி, பராமரிப்பது இன்னொரு வழி. இரண்டும் வேறு வேறு வேலைகள், கேட்கும்போது பிரித்துக் கேளுங்கள்.

இந்த எல்லைகளும் மங்கிக்கொண்டு வருகின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். 2017-லிருந்து வந்த இன்டிபென்டன்ஸ் வகைக் கப்பல்களில் பிரிட்ஜ், போர்த் தகவல் அறை, எஞ்சின் கட்டுப்பாட்டு அறை மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள். 80 மீட்டர் கப்பலுக்கு அடிப்படைக் குழுவில் 23 பேர்தான். ஆள் குறைந்தால் ஒருவர் பக்கத்து நாற்காலி வேலையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எனக்குச் சின்ன வயதாக இருந்தால் ஃப்ரிகேட்டை விட்டுவிட்டு இதைத்தான் கேட்டிருப்பேன்.

டைவர் விஷயம். நண்பர்கள் கெத்து என்பதற்காகப் போகிற இடமில்லை அது. செம்பவாங்கில் இருக்கும் அந்தப் பிரிவுக்கு நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது. ஆழத்தில் காது அழுத்தத்தைச் சமன் செய்ய உடம்பு ஒத்துழைக்க வேண்டும், கலங்கிய நீரில் கை நீளம்கூடத் தெரியாதபோது மனசு பதறக்கூடாது. உங்களுக்காக ஆசைப்பட்டால் போங்கள். நீர்மூழ்கி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் காதில் போட்டு வைக்கிறேன். 2024-இல் சேவைக்கு வந்த இன்வின்சிபிள் வகையில் குழு 28 பேர்தான். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவருக்கு அங்கே நல்ல வேலை உண்டு, சூரியனும் போனும் இல்லாமல் இருக்க முடியும் என்றால்.

பயிற்சி பற்றிக் கவலை வேண்டாம். சாங்கியில் வகுப்பு, சிமுலேட்டர், பிறகு கப்பலில் ஒரு சீனியரின் பின்னால் அலைந்து ஒவ்வொரு வேலையாகச் செய்து காட்டிக் கையெழுத்து வாங்குவது, பிறகு அடுத்த கட்டப் பயிற்சிக்குத் திரும்ப வருவது. 2010-இல் வந்த ராணுவ நிபுணர் திட்டத்தில் எம்.இ.1-லிருந்து எம்.இ.8 வரை பதவிப் படிகள் இருக்கின்றன. எங்கள் காலத்தைவிடத் தொழில் தெரிந்தவருக்கு ஏறிப்போக இடம் அதிகம். எந்த வகுப்பை முதலில் முடிப்பது என்று இப்போதே திட்டம் போட்டுக் குழம்ப வேண்டாம். முதல் கப்பலில் உங்களுக்கு வாய்க்கிற சீனியரைப் பொறுத்துத்தான் பாதி விஷயம், அது யார் கையிலும் இல்லை.

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. துவாஸில் கப்பல் பட்டறைகள் இருக்கின்றன, புதிய துறைமுகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. டீசல் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும். ஆனால் வெளியே வருவதை நினைத்துக்கொண்டே உள்ளே போகிறவர் பத்து வருடம் தாங்க மாட்டார். பிடித்த வேலையின் பக்கத்தில் வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள், அந்த வரிசையில்.

அம்மாவுக்கு வருகிறேன். கன்னத்தில் கை வைத்தால் கப்பல் கவிழ்ந்துவிடும் என்பார்கள், நீங்கள் இன்னும் ஏறவேயில்லை என்று சொல்லுங்கள். அவர் பயப்படுவது கடலுக்கா, பிரிவுக்கா என்று முதலில் கேளுங்கள். நீரிணைக் காவல் என்றால் சில நாளில் திரும்பிவிடலாம். 2009-இல் கடற்கொள்ளையைத் தடுக்க ஏடன் வளைகுடாவுக்குப் போனது போன்ற பயணம் என்றால் மாதக்கணக்கு. இரண்டும் வரும், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விவோ சிட்டியில் எப்போதாவது கடற்படைக் கண்காட்சி நடக்கும், கப்பலில் ஏறிப் பார்க்கலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கிற இடத்தையும் சமையல் அறையையும் காட்டுங்கள். ஏவுகணையைக் காட்ட வேண்டாம்.

கையெழுத்துப் போட அவசரமில்லை. தேசிய சேவை எப்படியும் இரண்டு வருடம், அதற்குள் கப்பலையும் ஆட்களையும் பார்த்துவிடலாம். வந்து பேசுகிறவர்களிடம் சம்பளத்தோடு சேர்த்து இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடம், நடுவில் படிக்க அனுப்பினால் அது எவ்வளவு நீளும், கேட்ட பிரிவு கிடைக்காவிட்டால் என்ன ஆகும். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் நினைக்கிற பிரிவில் ஐந்தாறு வருடம் இருந்தவர் ஒருவரைப் பிடித்து ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து, போன வாரம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். டாக்டர் நிறம் பற்றி என்ன சொன்னார் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்