ஈஹ்வாவின் நத்தைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2016இல் தென்கொரியாவின் சோல் நகரில் உள்ள ஈஹ்வா பெண்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த மாணவிகள் போராட்டத்தைப் பாராட்டியிருந்தீர்கள். தொழிற்பள்ளி முடித்து வேலைக்குப் போன பெண்களுக்காக அங்கேயே ஒரு கல்லூரி தொடங்குவதை எதிர்த்துத்தானே அவர்கள் உட்கார்ந்தார்கள்? மேட்டிமைத்தனம் இல்லையா அது? தலைமையே இல்லாத கூட்டத்தைப் போராட்டம் என்று வேறு சொல்கிறீர்கள்.

– ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மேட்டிமைத்தனம் கொஞ்சம் இருந்தது. 'எங்கள் பட்டத்துக்கு மதிப்பு போய்விடும்' என்ற பேச்சும் இருந்தது. ஆனால் மாணவிகளைக் கேட்காமலே திட்டத்தை முடிவுசெய்த நிர்வாகத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை. போகட்டும். என்னைச் சீண்டியது உங்கள் கடைசி வரிதான்.

எங்கள் விடுதியில் ஒருமுறை சாப்பாட்டுக்காக ஸ்டிரைக் செய்தோம். தலைவரை வார்டன் அறைக்குள் கூப்பிட்டார். அரை மணி நேரம். வெளியே வந்தவர் "கலைஞ்சு போங்கப்பா" என்றார், கலைந்தோம். அடுத்த மாதம் அவர் மெஸ் செயலாளர். சாம்பார் அதே சாம்பார்தான். நாங்கள் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் பேசுவார், நாங்கள் கைதட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம்.

ஈஹ்வாவில் அப்படி உள்ளே கூப்பிட ஓர் ஆள் இல்லை. முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, பெயர் கிடையாது. வெளி அமைப்புகளுக்கு இடமில்லை. எதை முடிவுசெய்வதானாலும் எல்லோரும் பேசி, மணிக்கணக்கில் பேசி, ஒத்துவந்த பிறகுதான். அதற்கு 'நத்தை ஜனநாயகம்' என்று பெயர். ஜூலை 30 அன்று 1,600 போலீஸ் வளாகத்துக்குள் வந்தபோது அந்தப் பெண்கள் கைகோத்துப் பாடியது, பள்ளி நாட்களில் கேட்டு வளர்ந்த ஒரு பாப் பாட்டு!

ஆகஸ்ட் 3 அன்று நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. எங்கள் தலைவராக இருந்தால் அன்றே மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். நத்தைகள் நகரவில்லை, பல்கலைக்கழகத் தலைவர் சோய் க்யூங்-ஹீ பதவி விலகட்டும் என்று பிரதான கட்டிடத்திலேயே இருந்தார்கள். அதிபர் பார்க் குன்-ஹேயின் தோழி மகளுக்குக் குதிரையேற்ற வீராங்கனை என்ற பெயரில் முறைகேடாக இடம் கொடுத்த கதை அப்புறம்தான் வெடித்தது. அக்டோபர் 19 அன்று சோய் விலகினார். 130 வருட வரலாற்றில் பாதியில் போன முதல் தலைவர் அவர்தான். அந்தத் தோழி விவகாரம் பெரிதாகி அதிபரின் பதவியும் அடுத்த மார்ச்சில் பறிபோனது.

யாரை விலைக்கு வாங்குவது என்றே தெரியாத கூட்டம் அது, தம்பி. அதைப் போய்க் குறை என்கிறீர்கள்.

சரி, உங்கள் முதல் கேள்வி. அந்தப் புதுக் கல்லூரியில் சேர நினைத்திருக்கக்கூடிய பெண்கள் அந்தக் கட்டிடத்துக்குள் இல்லை. எத்தனை மணி நேரம் பேசியும் அவர்கள் முறை வரவில்லை. அது எனக்கும் உறுத்தல்தான்.