எக்ஸ்டெண்டட் வாரண்டி இப்பவே எடுக்கணுமா? குலசேகரத்து தம்பிக்கு

தம்பி, தக்கலை வீட்டு படிப்புரையில இருந்து எழுதுகேன், அண்ணன் மகளுக்கு கல்யாணம்னு லீவுல வந்து கெடக்கேன், அதனாலதான் பதில் ரெண்டு நாள் லேட்டு. நீ கேட்டது இதுதானே, அமெரிக்கா வந்து நாலு மாசம் ஆச்சு, ஒஹாயோவுல கொலம்பஸ் பக்கம் வேலை, புது டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட் கார் பேசி முடிச்சாச்சு, நாளைக்கு சாயங்காலம் கையெழுத்து, டீலர்ல உள்ள ஃபைனான்ஸ் ஆளு 7 வருஷம் 1,00,000 மைலுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது கம்பெனி வாரண்டிக்கு மேல துட்டு குடுத்து வாங்குக ரிப்பேர் கான்ட்ராக்ட், 2,900 டாலர்னு சொல்லுகான், லோன்ல சேத்தா மாசம் 52 டாலர்தான், இன்னைக்கு எடுக்கலைன்னா பிறகு கிடைக்காதுங்கான், எடுக்கட்டா வேண்டாமா அண்ணேன்னு.

நாளைக்கு எடுக்காதே. பிறகு கிடைக்காதுங்கது சும்மா. கம்பெனி வாரண்டி முடியுறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் வாங்கலாம், பொதுவா அதே கம்பெனியோட எந்த டீலர்கிட்ட இருந்தும் வாங்கலாம், மைல் கூடக்கூட விலை கொஞ்சம் ஏறலாம், ஆனா நாலு டீலருக்கு ஈமெயில் போட்டு கேட்டா இவன் சொல்லுக 2,900ஐ விட குறைச்சு தர ஆளு உண்டு. ஏன்னா இதோட விலை கல்லுல வெட்டினது இல்ல, டீலரோட லாபம் அதுக்குள்ளயே கெடக்கு.

ஆனா உன் பயம் எனக்கு புரியும், அது வெறும் பயமும் இல்ல கேட்டியா. முந்தாநாள் கல்யாண சோலிக்கு ஓடிட்டு இருக்கும்போது அண்ணனோட பழைய டீசல் வண்டி, பதினோரு வருஷம் ஆச்சு, பேட்டரி லைட்டு எரிஞ்சு வழியில நின்னு போச்சு. மெக்கானிக் ஆசான் வந்தாரு, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துக ஆல்டர்னேட்டரை கழத்தி பெஞ்சுல வச்சு பிரிச்சாரு, உள்ள கார்பன் தேஞ்சு நகக்கண்ணு அளவுக்கு இருந்துது, ரெண்டு கார்பன் மாத்தி பேரிங்குக்கு கிரீஸ் வச்சு திரும்ப மாட்டிட்டாரு, கூலியும் சேத்து 900 ரூபா. அமெரிக்காவுல எனக்கு இதே ஆல்டர்னேட்டர் போனப்ப யாரும் பிரிச்சே பாக்கல, முழுசா தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு மாட்டினாங்க, 780 டாலர். சாமானம் பாதி, மணிக்கணக்குல கூலி பாதி. நம்ம ஊருல வண்டி கேடானா "ஆசான்ட்ட விட்டா சரியாவும்"னு ஒரு தைரியம் உண்டுல்லா, அந்த தைரியம் அங்க இல்ல, அந்த இடத்துலதான் ஃபைனான்ஸ் ஆளு வந்து நிக்கான்.

சரி கணக்குக்கு வா. நீ தினமும் ஒரு பக்கம் 45 மைல் ஓட்டணும்னு எழுதியிருக்கே, ஏகதேசம் நாகர்கோவில் டு திருவனந்தபுரம், தினமும் போயி வாற மாதிரி. அப்போ ஒரு நாளைக்கு 90 மைல், வருஷத்துல 250 நாள் வேலைன்னா 22,500 மைல், கடை கண்ணி கோவில் எல்லாம் விட்டுட்டு. டொயோட்டா வண்டிக்கு சும்மா வாற வாரண்டி 3 வருஷம் அல்லது 36,000 மைல், எது முதல்ல வருதோ அது. உனக்கு 36,000 மைல் 19 மாசத்துல முடிஞ்சிரும். எஞ்சின், கியர்பாக்ஸ் பக்கம் பவர்ட்ரெயின்னு 5 வருஷம் 60,000 மைல் உண்டு, அது உனக்கு ரெண்டு வருஷம் எட்டு மாசம். இப்போ அவன் விக்கிற 7 வருஷத்தை பாரு, 1,00,000 மைல் உனக்கு நாலரை வருஷத்துக்குள்ள வந்திரும், அதனால அது 7 வருஷம்னு நீ நினைக்கவே கூடாது. அதுவும் அந்த 1,00,000 வண்டி எடுத்த அன்னைக்கு பூச்சியத்துல இருந்து எண்ணுகது, கம்பெனி வாரண்டி முடிஞ்ச பிறகு எண்ணுகது இல்ல. அப்போ முதல் 36,000 மைலுக்கு கம்பெனி ஏற்கனவே சும்மா தாறதுக்குத்தான் நீயும் துட்டு குடுக்கே.

இன்னொண்ணு, உன் வண்டி ஹைப்ரிட். ஹைப்ரிட்னாலே எல்லாரும் பேட்டரிய காட்டித்தான் பயமுறுத்துவான், அந்த பெரிய பேட்டரிக்கு டொயோட்டாவுல 2020 மாடல்ல இருந்து 10 வருஷம் 1,50,000 மைல் வாரண்டி சும்மாவே உண்டு, இன்வெர்ட்டர், கண்ட்ரோல் யூனிட் மாதிரி ஹைப்ரிட் சாமானத்துக்கு 8 வருஷம் 1,00,000 மைல். புகைய சுத்தம் பண்ணுக கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அமெரிக்க சட்டப்படி எல்லா காருக்கும் 8 வருஷம் 80,000 மைல். அப்போ நீ பயப்படுற பெரிய செலவு பலதும் ஏற்கனவே மூடி கெடக்கு, மிச்சம் உள்ளது ஏசி கம்ப்ரஸர், ஸ்கிரீன், கேமரா, சென்சார், ஜன்னல் மோட்டார், 60,000 தாண்டின பிறகு எஞ்சின். இவ்வளவுக்குத்தான் 2,900. பிரேக் பேட், டயர், வைப்பர் இதெல்லாம் தேயுற சாமானம், பொதுவா இந்த மாதிரி கான்ட்ராக்ட்ல வராது. துருப்பிடிச்சதும் அதுல சேராது. குளச்சல் பக்கம் கடல்காத்து பட்டு வண்டி அடியில எப்படி உளுத்துப் போவும்னு பாத்திருப்பல்லா, ஒஹாயோவுல மழைக்காலம் மாதிரி பனிக்காலம் முழுக்க ரோட்டுல உப்பு கொட்டுவான், அதுக்கு மாசம் ரெண்டு தடவை அடிப்பக்கம் வாட்டர் சர்வீஸ் பண்ணுகது எந்த வாரண்டிய விடவும் கொள்ளாம்.

பிறகு லோன். புதுசா வந்த ஆளு, கிரெடிட் ஹிஸ்டரி இல்ல, உனக்கு 9 சதமானம் வட்டி போட்டிருக்கான், 72 மாசம். 2,900ஐ அதுல சேத்தா மாசம் 52 டாலர், சரிதான், ஆனா கடைசில நீ குடுக்கது ஏகதேசம் 3,760. வாரண்டிக்கு 860 டாலர் வட்டி! அவன் ஒருநாளும் இந்த தொகைய சொல்லமாட்டான், மாசம் 52, மாசம் 52ன்னே சொல்லிக்கிட்டு இருப்பான்.

என் கதைய சொல்லுகேன். 2014ல நானும் இதே மாதிரி ஒரு சின்ன கண்ணாடி ரூம்ல உக்காந்தேன், வண்டி பாக்க போனதுல மூணு மணி நேரம் ஆயிருந்துது, பசி வேற, அவன் ஸ்கிரீனை திருப்பி மூணு பத்தி போட்டு காட்டினான், ஒண்ணுல எல்லாமே உண்டு, அடுத்ததுல பாதி, மூணாவதுல ஒண்ணும் இல்ல, அந்த மூணாவதுக்கு கீழ "நான் இந்த பாதுகாப்பு வேண்டாம்னு சொல்லுகேன்"னு கையெழுத்து போடணுமாம், பாத்தாலே நாளைக்கே வண்டி தீப்பிடிக்கும்ங்க மாதிரி இருந்துது. நடு பத்திக்கு கையெழுத்து போட்டுட்டேன், 2,300 டாலர். அது கார் கம்பெனி கான்ட்ராக்ட் இல்ல, வேற ஏதோ ஒரு கம்பெனியோடது, அது கூட நான் வீட்டுக்கு வந்துதான் பாத்தேன்.

2018ல 71,000 மைல்ல காலையில ஸ்டார்ட் பண்ணினா ரெண்டு செகண்டு கடகடன்னு ஒரு சத்தம், எஞ்சினுக்குள்ள இருக்க டைமிங் செயின்னு சொன்னாங்க. கிளெய்ம் போட்டா, இதுவரை ஆயில் மாத்தின பில்லு எல்லாம் அனுப்புன்னான். தம்பி, நான் யாரு, சின்ன வயசுல இருந்து வொர்க்‌ஷாப்புல சாயா வாங்கிட்டு போயி வண்டி பாத்து வளந்த ஆளு, ஆயில் எல்லாம் நானே கராஜ்ல படுத்து மாத்துவேன், ஆயில் கேன் வாங்கின பில்லு யாருல எடுத்து வைப்பான்? ரெண்டே ரெண்டு பில்லு இருந்துது. கிளெய்ம் இல்லன்னுட்டான். சோதிச்சு பாத்ததுக்கு 160, ரிப்பேருக்கு 1,900, எல்லாம் என் கையில இருந்து. கோவத்துல கான்ட்ராக்டை கேன்சல் பண்ணினேன், மிச்ச காலத்துக்கு உள்ள துட்டை கணக்கு போட்டு தருவான், அது உண்டு, நான் தெனமும் செக்கு வரும் செக்கு வரும்னு தபால் பெட்டிய திறந்து பாத்துக்கிட்டு இருக்கேன், ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, லோன் முடியாததால அந்த துட்டு நேரா பேங்குக்கு போயி அசல்ல கழிஞ்சிருக்கு. மாச தவணை ஒரு சல்லி குறையல, கடைசில ரெண்டு மூணு தவணைதான் குறைஞ்சுது.

அதனால ஆயில் மாத்துக பில்லு, நீயே மாத்தினாலும் ஆயிலும் ஃபில்டரும் வாங்கின பில்லு, தேதி, மைல், ஒரு போட்டோ, இது எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வை. டீலர்கிட்டதான் சர்வீஸ் பண்ணணும் இல்லன்னா வாரண்டி போயிரும்னு சொன்னா நம்பாதே, 1975ல இருந்து மேக்னசன் மாஸ்னு ஒரு சட்டம் இருக்கு, வெளிய பண்ணினேங்கதுக்காக மட்டும் கம்பெனி வாரண்டிய மறுக்க முடியாது, ஆனா பண்ணினதுக்கு ரெக்கார்டு கேட்டா காட்டணும்.

உனக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம், விசா. எச்1பி முதல்ல 3 வருஷம்தான் குடுப்பான், வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் அங்க நிக்கலாம். 7 வருஷ கான்ட்ராக்ட்டுக்கு துட்டு கட்டிட்டு மூணாவது வருஷம் ஊருக்கு திரும்ப வேண்டி வந்தா வண்டிய வித்துட்டு கேன்சல் பண்ணலாம், இல்ல வாங்குக ஆளு பேருக்கு மாத்தலாம், ரெண்டுக்கும் அந்த பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும். அவசரத்துல பெட்டி கட்டும்போது அதுக்கு எங்க நேரம் இருக்கும்.

அப்போ யாருதான் இத எடுக்கணும்னு கேட்டா, ஐரோப்பா வண்டி டர்போ, ஏர் சஸ்பென்ஷன்னு வாங்கிட்டு எட்டு பத்து வருஷம் வச்சு ஓட்டுக ஆளு எடுக்கலாம். கையில ஒரு ரெண்டாயிரம் டாலர் அவசரத்துக்கு இல்லாத ஆளும் எடுக்கலாம், அவனுக்கு ஒரே அடியா 1,800 பில்லு வந்தா வாடகை நின்னு போவும், அது நியாயமான பயம். நீ அந்த ரெண்டாவது கூட்டத்துல இப்போ இருக்கேன்னு எனக்கு தெரியும், நாலு மாசம்தானே ஆவுது, அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்து கடன் வேற அடைக்கணும்னு எழுதியிருக்கே. ஆனா 19 மாசம் உனக்கு கம்பெனி வாரண்டி இருக்கு மக்கா. அந்த 52 டாலரை ஊருல சீட்டு கட்டுக மாதிரி தனி சேவிங்ஸ் அக்கவுண்டுல போட்டு வா, 19 மாசத்துல 990 டாலர் ஆவும், 30,000 மைல் வரும்போது, அதாவது 16 மாசத்துல, திரும்ப யோசி. அதுக்குள்ள வண்டி எப்படின்னு தெரியும், விசா எப்படின்னு தெரியும், கையிலயும் கொஞ்சம் இருக்கும். அப்பவும் எடுக்கணும்னு தோணினா கார் கம்பெனியே தாற கான்ட்ராக்ட் மட்டும் எடு, எது எதெல்லாம் வராதுன்னு பட்டியல் போட்ட வகை, வாறத மட்டும் பட்டியல் போட்டதுல பட்டியல்ல இல்லாத சாமானம்தான் முதல்ல கேடாவும். ஒவ்வொரு தடவையும் நம்ம கையில இருந்து குடுக்க வேண்டிய 100 டாலர், ஒரு விசிட்டுக்கா ஒவ்வொரு ரிப்பேருக்குமான்னும் பாத்துக்க, லோன்ல சேக்காம ரொக்கமா குடு.

நாளைக்கு அந்த ரூம்ல "லோன் குடுக்க பேங்கே இத எடுக்கச் சொல்லுது"ன்னு ஒரு வேளை சொல்லுவான், பேங்க் பேப்பர்ல எந்த வரியில இருக்குன்னு காட்டச் சொல்லு, அதோட அந்த பேச்சு முடியும். வேற என்னென்னமோ பெயிண்ட் கோட்டிங், டயர் பிளான்னு நீட்டுவான், எல்லாத்துக்கும் "வேண்டாம் சார், வண்டி மட்டும்". கேப் இன்சூரன்ஸ் மட்டும் வேற விஷயம், நீ முன்பணம் குறைச்சலா போட்டிருக்கே, வண்டி அடிச்சு போனா இன்சூரன்ஸ் தாறதுக்கும் லோன் பாக்கிக்கும் நடுவுல உள்ள துட்டு அது, அது தேவைதான், ஆனா முதல்ல உன் கார் இன்சூரன்ஸ் கம்பெனிட்ட கேளு, அங்க மலிவா இருக்கும்.

வண்டி எடுத்த பிறகு இன்னொரு கூத்து தொடங்கும், "உங்க கார் வாரண்டி முடியப்போவுது, இது கடைசி அறிவிப்பு"ன்னு கலர் கலரா கார்டு, கூட போன். கம்பெனி அனுப்பினதுன்னு நினைச்சு எடுத்து பேசாதே. இந்த கும்பல் ஒண்ணு 2021ல மூணே மாசத்துல 500 கோடி கால் பண்ணியிருக்கு, 2023 ஆகஸ்ட்ல அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையம் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் போட்டுது, எனக்கு அதுக்கு பிறகும் வந்துக்கிட்டுதான் இருக்கு, வித்து ரெண்டு வருஷம் ஆன வண்டிக்கு.

கையெழுத்து போடுறதுக்கு முன்ன கடைசி பக்கத்துல மொத்த தொகைய பாரு, நீ வேண்டாம்னு சொன்னது ஏதாவது உள்ள நுழைஞ்சிருக்கான்னு வரிவரியா. சந்தேகம்னா போட்டோ எடுத்து அனுப்பு, உங்க சாயங்காலம் எங்களுக்கு விடியக்காலம், பரவாயில்ல, கல்யாண வீடு யாரும் தூங்கல. ஆசான் கூப்பிடுகாரு, வண்டி ரெடியாம், பந்தலுக்கு வாழை ஏத்த போவணும்.