வலி போய்விட்டது, பந்து வீசலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வலது கை வேகப்பந்து வீச்சாளன். இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம் மட்டும் வலிப்பதாக இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் முதுகெலும்பில் விரிசல் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். எட்டு வார ஓய்வில் வலி முழுவதும் போய்விட்டது. அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வு வருகிறது. அனுப்பலாமா? எலும்பு நீவுகிறவரிடம் ஒருமுறை காட்டும்படியும் உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: இந்தத் தேர்வுக்கு அனுப்பாதீர்கள். பையன் முகம் வாடும், தெரியும். ஆனால் அடுத்த ஆண்டும் தேர்வு நடக்கும்.

நீங்கள் எழுதிய “இடது பக்கம் மட்டும்” என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. வலது கையால் வேகமாக வீசுகிறவன் முன்காலை ஊன்றும்போது, உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. இவ்வளவும் கீழ் முதுகு எலும்பின் பின்புறமுள்ள ஒரு மெல்லிய பாலத்தின் மேல் போய் விழுகிறது. பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓரிடத்தில் நைந்துபோகும் அல்லவா, அதுபோலத்தான். பதினாறு வயதில் அந்த எலும்பு இன்னும் முழுதாக முற்றியிருக்காது. தொடக்க நிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். எம்.ஆர்.ஐ. எடுத்தது நல்லதாயிற்று. இந்த நிலையில் கண்டுபிடித்தால் எலும்பு சேர்ந்துகொள்ள நல்ல வாய்ப்பு உண்டு.

வலி அடங்குவதும் எலும்பு சேர்வதும் ஒரே நாளில் நடப்பதில்லை. வீசுவதை நிறுத்தினால் சில வாரங்களில் வலி போய்விடும். எலும்பு சேர மாதங்கள் ஆகும். பள்ளிக்குப் போய் வருவதும் படியேறுவதும் அந்த எலும்பைச் சோதிக்கவே சோதிக்காது; சோதிப்பது முழு வேகத்தில் வீசும் பந்துதான். போட்டிக்குத் திரும்பப் பொதுவாக ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு தேர்வில் வீசுவது எல்லாவற்றையும்விட மோசம். எச்சரிக்கை மணியின் வாயை அடைப்பதாகிவிடும்.

பும்ராவை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். முதுகு வலியால் 2022 ஆசியக் கோப்பையில் அவர் ஆடவில்லை. செப்டம்பரில் திரும்பி இரண்டு ஆட்டங்கள் ஆடினார். மீண்டும் முதுகு பிடித்துக்கொண்டு அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பையும் போயிற்று. 2023 மார்ச்சில் அறுவைச் சிகிச்சை, ஆகஸ்டில்தான் மறுபடி களம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியும் 1973இல் முதுகெலும்பில் விரிசல் விட்டு, கட்டுப் போட்டும் மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் திரும்பியவர்தான். பின்னாளில் சென்னையில் நம் பையன்களுக்குப் பந்துவீச்சு கற்றுக்கொடுத்தவர் அவரே.

ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பதல்ல. விளையாட்டு மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் பாருங்கள். வயிறு, இடுப்பு, பிட்டத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை முதலில் தருவார்கள். முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சிகளைத் தொடக்கத்தில் தவிர்ப்பார்கள். பிறகு ஓட்டம். மறு ஸ்கேனும் உடல் பரிசோதனையும் திருப்தியாக இருந்தால் நின்ற இடத்திலிருந்து சில பந்துகள், அடுத்து பாதி ஓட்டத்தில் பாதி வேகம், ஒருநாள் விட்டு ஒருநாள். எண்ணிக்கை வாரா வாரம் சிறிது சிறிதாகத்தான் கூட வேண்டும். அவன் வீசும் முறையை வீடியோ எடுத்துப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். தோள் ஒரு பக்கமும் இடுப்பு வேறு பக்கமும் பார்க்கும்படி வீசுகிறவர்களுக்கு இந்த விரிசல் அதிகம் வருகிறது. வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பார்த்துவிடலாம். பால், கேழ்வரகு, கீரை நன்றாகச் சாப்பிடட்டும்.

நீவுகிறவரிடம் போக வேண்டாம். அவர் கைராசி மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. விரிசல் விட்ட எலும்பின் மேல் அழுத்தி முறுக்கினால் இவ்வளவு நாள் இருந்த ஓய்வு வீணாகும். காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சலோடு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். மறுபடி வீசத் தொடங்கும் நாளிலிருந்து பள்ளி, கிளப், வலைப்பயிற்சி என எங்கே எத்தனை பந்து வீசினாலும் அவனே எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டியையும் சேர்த்துத்தான். என்னிடம் வருகிற பையன்கள் வழக்கமாகச் சொல்லாமல் விடும் கணக்கு அதுதான்.